காய்ச்சல் விட்ட தலை

நான் அந்த ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகிப் போன முதல் நாள், கையில் கடிதத்தோடு அவசரப் பிரிவின் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தார். யார், என்ன என்று ஒரு கேள்வி இல்லை. உள்ளங்கையை என் தலையில் வைத்தார். மயிருக்குள் விரலை விட்டுப் பிடரி வரைக்கும் தடவிப் பார்த்தார். நாற்பத்தைந்து வயது மனுசன் நான். தலையில் மயிரும் அவ்வளவாக இல்லை. வாங்குப் பலகையில் இருந்த சனம் முழுக்க வேடிக்கை பார்த்தது.

“காய்ச்சல் இல்ல. என்ன மனே செய்யுது?” என்று கேட்டார்.

“நான் புதுசா வந்த கிளாக்கர்.”

“ஆ, அதான் முகம் இப்பிடிக் கிடக்கு. இரிங்க, தேத்தண்ணி கொண்டாறன்.”

அவர் அங்கே சிற்றூழியர். தள்ளுவண்டி தள்ளுவார், இரத்தக் குப்பியை ஆய்வுகூடத்துக்குக் கொண்டு ஓடுவார், வாந்தி எடுத்த இடத்தைக் கழுவுவார். எல்லோருக்கும் அக்கா. அவரைவிட மூத்த டொக்டரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். பேரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் பேரை என் கையால் ஒரே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறேன். அது போதும். அந்தக் கதைக்கும் வருகிறேன், அவசரப்படாதீர்கள்.

யார் வந்தாலும் அக்கா முதலில் தலையைத் தொடுவார். காய்ச்சல் குழந்தைக்குத் தொட்டால் சரி. கெளிறு முள் ஏறி விரலைப் பிடித்துக்கொண்டு துள்ளுகிற மீன்காரனுக்கும் தலையைத் தொட்டால் என்ன சொல்வது? சைக்கிளால் விழுந்தவன், குடி வெறியில் வந்தவன், வெறிகாரனைக் கூட்டிவந்த பொலிஸ்காரன், எல்லாத் தலையும் அவருக்கு ஒன்றுதான். பொலிஸ்காரனிடம் தொப்பியைக் கழற்றச் சொல்லித் தொட்டார். அவன் பேசாமல் குனிந்து காட்டினான்.

“டொக்டர் அம்மா பார்த்து முடிஞ்சுதா? நான் துண்டு எழுதலாமா?” என்று நான் நக்கலாகக் கேட்பேன்.

“வாய் ஆயிரம் சொல்லும் ஐயா. தல ஒண்டையும் மறைக்கா,” என்பார்.

என் வேலை துண்டு எழுதுவது. பேர், வயது, ஊர், என்ன வருத்தம், எப்போதிருந்து. என் ஜன்னலில் ஒரு சின்ன அரைவட்டத் துவாரம். அதற்குள்ளால் வந்துபோகும் கைகளை மட்டும்தான் நான் பார்த்தேன். ஐந்து வருடம் அப்படிப் பார்த்தேன். ஒரு நாளாவது குனிந்து, கைக்கு மேலே என்ன முகம் இருக்கிறது என்று பார்த்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். குனிந்தால் எனக்கு இடுப்பு நோகும். அந்த வருத்தத்துக்கு மட்டும் நான் துண்டு எழுதாமலே வைத்தியம் செய்துகொண்டேன்.

சனத்தைப் பற்றி எனக்கு ஒரு பெரிய கொள்கை இருந்தது. வருகிறவர்களில் பாதிப்பேர் சும்மா வருகிறவர்கள். வீட்டில் பொழுது போகவில்லை, பெண்சாதியோடு சண்டை, பாதை என்கிற மிதவையில் ஏறி வாவியைக் கடந்து பார்க்க ஆசை, இப்படித்தான் வருகிறார்கள் என்று தேத்தண்ணி நேரத்தில் எல்லோருக்கும் விளக்குவேன். அதற்கு உதாரணமாக ஒருவரை வைத்திருந்தேன். வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையிலிருந்து வருகிற வயதான மீன்காரர். முட்டு வருத்தம், மூச்சு இழுக்கும். கிழமையில் இரண்டு தரம் காலைப் பாதையில் வந்து இறங்கி, மூக்கில் குழாயை வைத்து ஆவி பிடிப்பார். பிடித்து முடிந்ததும் போகமாட்டார். அக்காவோடு மத்தியானம் வரைக்கும் கதைதான்.

“அந்த மனுசன் கதைக்கத்தான் வாறார்,” என்றேன் ஒருநாள்.

“ஓம் ஐயா, கதைக்கத்தான் வாறார். கதைக்க மூச்சு வேணுமே. அதுக்குத்தான் ஆவி.”

நான் எழும்பிப் போய் ஜன்னலைச் சாத்திவிட்டு இருந்தேன்.

அந்த மீன்காரருக்கு என் தொலைபேசி இலக்கம் தெரியும். ஏதோ இரக்கத்தில் கொடுத்ததாக நினைக்க வேண்டாம். வாவி நண்டு மலிவாகக் கொண்டுவருவார் என்று கேள்விப்பட்டு, அந்த ஆசையில் கொடுத்தது.

மறுகா கொரோனா வந்தது. ஊரடங்கு வந்தது. பாதை ஓடவில்லை. பஸ் ஓடவில்லை. ஆட்டோக்காரர் ஆட்டோவை மூடிப் போட்டுவிட்டு வீட்டில் இருந்தார்கள். இரண்டாம் நாள் காலை நான் பாஸைக் காட்டிக்கொண்டு வேலைக்குப் போனால் அவசரப் பிரிவின் வாங்குகள் வெறுமையாகக் கிடந்தன. தரை உலர்ந்திருந்தது. அந்தத் தரையை உலர்ந்தபடி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? சொல்ல வெட்கமாக இருக்கிறது, சொல்கிறேன். பெருநாள் மாதிரி இருந்தது. பழைய பேப்பரில் குறுக்கெழுத்துப் போட்டேன். ஜன்னலுக்கு வெளியே இரண்டு மிளகாய்க் கன்று வைத்தேன். “பாத்தீங்களா? நான் சொன்னன்தானே. ஊரடங்கு வந்ததும் வருத்தமெல்லாம் சுகமாயிற்று. பாதிப்பேர் சும்மா வந்தவங்கதான்,” என்று தாதி மிஸ்ஸிமாருக்கு நீட்டி முழக்கினேன். என் கொள்கையை அரசாங்கமே ஏற்றுக்கொண்ட மாதிரி ஒரு நடை நடந்தேன்.

அக்காவுக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. கேற்றுக்குப் போவார், வாவியைப் பார்ப்பார், திரும்பி வருவார். உலர்ந்த தரையை மறுபடியும் துடைப்பார். ஒரு நாள் என் ஜன்னலடியில் வந்து நின்று விரல் மடித்துக் கேட்டார்.

“மோட்டர்சைக்கிள் ஓடல்ல, அதால அடிபட்டு வாற ஆள் இல்ல. சரி. சாராயம் இல்ல, அதால வெட்டுக்குத்து இல்ல. அதும் சரி. முட்டுக்காரன் எங்க போன? சீனி வருத்தக்காரன் எங்க போன? நெஞ்சுநோ எங்க போன ஐயா? கொரோனா வந்த எண்டு நெஞ்சுநோ லீவு போட்டிருக்கோ?”

“எல்லாரும் வீட்ட நல்லா இருக்காங்க அக்கா.”

“வீட்ட இருக்காங்க. நல்லா இருக்காங்களா எண்டு ஆர் தொட்டுப் பாத்த?”

அடுத்த கிழமை சிலர் வரத் தொடங்கினார்கள். வந்தவர்கள் கடைசி நேரத்தில் வந்தார்கள். சீனி வருத்தக்காரர் ஒருவர் காலைச் சொப்பின் பேக்குக்குள் போட்டுக் கட்டிக்கொண்டு வந்தார். மணம் கேற்றுக்கே வந்துவிட்டது. “இது ஒரு நாள் புண்ணா?” என்று டொக்டர் கத்தினார். அந்த மனுசன், “ஊரடங்கெண்டு சொன்னாங்க, ஆஸ்பத்திரியும் அடங்கிற்றாக்கும் எண்டு நினைச்சன்,” என்றார். அக்கா காலைப் பார்க்கவில்லை. வழக்கம்போலத் தலையைத்தான் தொட்டார்.

தொட்டார் என்று சொன்னேன், ஆனால் தொடக் கூடாது என்று அப்போது சட்டம். ஒரு மீற்றர் தள்ளி நிற்க வேண்டும், தொட்டே ஆகவேண்டிய இடத்தில் கையுறை போட வேண்டும். அக்கா கையுறை போட்டுக்கொண்டு தொட்டார். போட்ட பிறகு இரண்டு கையையும் விரித்துப் பார்த்து, “இதுக்குள்ள கை செவிடாப் போகுது ஐயா,” என்பார். சூடு தெரியவில்லையாம். காய்ச்சல் தலைக்கும் காய்ச்சல் இல்லாத தலைக்கும் வித்தியாசம் தெரியவில்லையாம். “அதுக்குத்தானே கேற்றில துவக்கு வச்சிருக்கு,” என்றேன்.

கேற்றில் செக்குரிட்டிக்காரர் ஒருவர், துப்பாக்கி மாதிரி இருக்கிற சூடு பார்க்கும் துவக்கை நெற்றிக்கு நேரே பிடிப்பார். காய்ச்சல் காட்டினால் உள்ளே வரமுடியாது. பக்கத்தில் தகரக் கொட்டில் ஒன்று அடித்திருந்தார்கள், அங்கே போய் இருக்க வேண்டும். சுகாதாரப் பரிசோதகர் பி.எச்.ஐ. வருவார், பேர் எழுதுவார், வீட்டுக் கதவில் காகிதம் ஒட்டுவார். பிறகு பதினான்கு நாள் அந்த வீட்டுப் பக்கம் பால்காரன்கூடப் பார்க்கமாட்டான். சனம் கொரோனாவுக்குப் பயந்ததைவிட அந்தக் காகிதத்துக்குப் பயந்தது. அதோடு, இந்த ஊரில் நெற்றிக்கு நேரே துவக்கைப் பிடித்துக் கேட்டால் ஆர் உண்மையைச் சொல்லப்போகிறான்? நாங்கள் அதில் பழகிய சனம்.

அந்த நேரத்தில்தான் மீன்காரர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். நண்டு என்று சந்தோசமாகத் தூக்கினேன்.

“தம்பி, முட்டு இழுக்குது. உடம்பும் சுடுகுது. வரட்டா? காய்ச்சலெண்டா கொட்டிலுக்க போடுறாங்களாம். வீட்ட காகிதம் ஒட்டினா மகள்ர கடைக்கு ஆரு வருவா?”

உள்ளிருக்கும் ஆளிடம் உள்வழி கேட்கிறார் பாருங்கள், எனக்குத் தலை கனத்துவிட்டது. குரலைத் தாழ்த்திச் சொன்னேன். “அண்ணன், காய்ச்சல் எண்டு வாயத் திறக்காதீங்க. ரெண்டு பனடோலப் போடுங்க. தலைக்கு நல்லா முழுகுங்க. முழுகின கையோட வெளிக்கிடுங்க. துவக்கு ஒண்டும் காட்டா.”

என்ன ஒரு மூளை! அன்று சோறு தின்னும்போது மனைவிக்கும் சொன்னேன். அவள் கறியைப் போட்டுக்கொண்டு, “மூச்சு இழுக்கிற மனுசன முழுகச் சொன்னீங்களா?” என்று கேட்டாள். இந்தப் பெண்களுக்கு நிர்வாகம் விளங்காது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் பத்து மணிக்கு மீன்காரர் தன் தோணியிலேயே வாவியைக் கடந்து வந்தார். துவக்கு ஒன்றும் காட்டவில்லை. நான் துண்டு எழுதினேன்: முட்டு. காய்ச்சல் இல்லை. அக்கா கையுறையோடு தலையில் கை வைத்தார், எடுத்தார், கையுறையைத் தூக்கிப் பார்த்தார். விரல் நுனியில் தண்ணீர் சொட்டியது.

“அண்ணன், முட்டோட என்னத்துக்கு முழுகின?”

“முழுகல்ல புள்ள. தோணி வலிச்சது, வேர்த்திற்று.”

“வேர்வையில சவுக்காரம் நுரைக்குமா? காதுக்குப் பின்னால நுரை கிடக்கு.”

மனுசனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க மூச்சு வரவில்லை. பல்லுக் கிட்டித்து நடுங்கினார். அக்கா தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடினார். நெஞ்சில் சளி கட்டியிருந்ததாம். வார்டில் நிப்பாட்டினார்கள். இன்னும் ஒரு நாள் வீட்டில் கிடந்திருந்தால் ஆள் இல்லை என்று டொக்டர் சொன்னதாக மிஸ்ஸி வந்து சொன்னா. ஆர் முழுகச் சொன்னது என்று அக்கா கேட்டதற்கு, “நானாத்தான் முழுகினன்,” என்று கடைசிவரை சொல்லியிருக்கிறார். அவ்வளவு நல்ல மனுசனிடம்தான் நான் நண்டுக்கு விலை குறைத்துக் கேட்டேன்.

அத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மீன்காரர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, ஆனால் வழியை மூடிவைக்கவும் இல்லை. துவக்கு ஒன்றும் காட்டவில்லை என்ற செய்தி வாவியைச் சுற்றிவிட்டது. அதன்பிறகு வருகிறவர்கள் எல்லாம் முழுகிவிட்டு வந்தார்கள். காலை எட்டு மணிக்கு ஈரத் தலை, பகல் பன்னிரண்டுக்கு ஈரத் தலை. பின்னலிலிருந்து சொட்டச் சொட்ட நடுங்கிக்கொண்டு வந்து, “காய்ச்சலா? சேச்சே!” என்றார்கள். கேற்றில் நெற்றிகளெல்லாம் குளிர்ந்திருந்தன. அரைமணித்தியாலத்தில் உள்ளே கொதித்தன.

அக்கா வீட்டிலிருந்து பழைய துவாய்களைக் கொண்டுவந்து வாசலில் அடுக்கினார். வருகிறவரை முதலில் இருத்தித் தலை துவட்டுவார். துவட்டிக்கொண்டே, “எத்தின நாள் காய்ச்சல்?” என்று கேட்பார். தலை துவட்டுகிற கைக்கு ஆட்கள் பொய் சொல்வதில்லை என்பதை நான் அப்போதுதான் கண்டேன். என் ஜன்னலில் ‘காய்ச்சல் இல்லை’ என்று அடித்துச் சொன்னவன், துவாய்க்குள் இருந்து ‘மூண்டு நாள்’ என்பான். நான் எழுதிய துண்டை மிஸ்ஸி வெட்டித் திருத்துவா.

“உங்களுக்கு இத ஆரு சொல்லித் தந்த?” என்று ஒரு பெண்ணிடம் அக்கா கேட்டது எனக்குக் கேட்டது.

“ஆஸ்பத்திரில வேல செய்ற ஒரு ஆள்தான் சொன்னதாம் அக்கா.”

“நல்ல ஆள்,” என்றார் அக்கா, என் பக்கம் திரும்பாமல்.

அன்று வெயில் கொளுத்தியது. இருந்தும் ஜன்னலைச் சாத்தினேன்.

இனி என் வீட்டுக் கதை. மனைவிக்கு ஒரு திங்கட்கிழமை காய்ச்சல் பிடித்தது. உடம்பெல்லாம் நோ, கண்ணுக்குள் நோ. அந்த மாதம் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். ஒட்டும்போது ஜன்னல் சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தவன் நான். பார்த்ததோடு நிற்காமல் தெரு முழுக்கத் தொலைபேசி எடுத்து, அந்த வீட்டுக்காரர் எங்கெங்கே போய்வந்தார்கள் என்று விளக்கியவனும் நான்தான். இப்போது என் கதவில் காகிதம் ஒட்டினால்? ஆஸ்பத்திரிக் கிளாக்கர் வீட்டிலேயே கொரோனா என்று அந்தத் தெரு என்னைச் சும்மா விடுமா?

செவ்வாய், புதன், இரண்டு நாளும் பனடோல். அவள், “ஆஸ்பத்திரிக்குப் போவம்,” என்பாள். நான், “நாளைக்குப் பாப்பம்,” என்பேன். வியாழக்கிழமை காலை தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல் விட்டுவிட்டது. நான் வென்றுவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரு துள்ளல். ஆனால் அவள் எழும்பவில்லை. சத்தி எடுத்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. பயத்திலும் நிர்வாகம் மறக்கவில்லை. திரும்பக் காய்ச்சல் ஏறித் துவக்கில் காட்டிவிட்டால் என்று, கிணற்றடியில் இருத்தி நானே அவளுக்குத் தலைக்கு வார்த்தேன். மூன்று வாளி. அவள் என் முகத்தைப் பார்த்தபடி இருந்தாள்.

மோட்டர்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். “ஐயாட வீட்டுக்காரியா? போங்க, போங்க,” என்று செக்குரிட்டிக்காரர் துவக்கைச் சும்மா ஆட்டிவிட்டு விட்டார். நான் உள்ளே ஓடி என் ஜன்னலுக்குப் பின்னால் இருந்து, என் மனைவிக்கு நானே துண்டு எழுதினேன்: வயிற்று நோ. காய்ச்சல் இல்லை. கையெழுத்து மிகவும் வடிவாக வந்தது.

அன்றைக்கென்று மேலிடத்திலிருந்து மூன்று பேர் வந்து, தொற்றுத் தடுப்பு முறைப்படி எல்லாம் நடக்கிறதா என்று ஒரு பட்டியலில் சரி போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா என் மனைவியைக் கதிரையில் இருத்தினார். கையுறைக் கையைத் தலையில் வைத்தார். எடுத்தார். ஈரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

வலது கையுறையைக் கழற்றினார். அத்தனை மாதத்துக்குப் பிறகு வெறுங்கையை ஈர மயிருக்குள் விட்டு, பிடரியில் கொஞ்சநேரம் வைத்திருந்தார். பிறகு உள்ளங்கைகளைப் பிடித்தார், காலைப் பிடித்தார். பட்டியல்காரர் ஒருவர், “கையுறை! கையுறை!” என்று சத்தம் போட்டார். அக்கா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“டொக்டர், கெதியா வாங்க. இது காய்ச்சல் இல்லாத தல இல்ல. காய்ச்சல் விட்ட தல. கை கால் சில்லிட்டுக் கிடக்கு.” பிறகு குனிந்து, “எத்தின நாள் புள்ள?” என்று கேட்டார்.

“நாலு நாள் அக்கா,” என்றாள் என் மனைவி.

கொரோனா இல்லை. டெங்கு. காய்ச்சல் விடுகிற நேரம்தான் அதில் ஆபத்தான நேரமாம். நான் துள்ளினேனே, அந்த நேரம். இரத்தம் எடுத்துப் பார்த்த டொக்டர் என்னோடு கதைக்கவே இல்லை. அம்புலன்சில் மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இரவு வரைக்கும் வீட்டில் வைத்திருந்தால் கொண்டுபோய்ப் பயனில்லை என்று அங்கே சொன்னார்கள். ஒன்பது நாள் கிடந்து, டிஸ்சார்ஜ் துண்டு வெட்டிக்கொண்டு நடந்து வீட்டுக்கு வந்தாள். நான் வாசலில் நின்று அழுதேன். அவள் அழவில்லை.

அவள் பெரியாஸ்பத்திரியில் கிடந்த அந்த ஒன்பது நாளுக்குள்தான் கடிதம் வந்தது. விதிமுறைக்கு மாறாகக் கையுறையைக் கழற்றி, ஊழியர்களுக்கும் நோயாளிகளுக்கும் தொற்று ஆபத்தை ஏற்படுத்தியமைக்கு எழுத்துமூலம் விளக்கம் தரவேண்டும் என்று அக்காவுக்குக் கடிதம். அக்கா அதை எடுத்துக்கொண்டு நேரே என் ஜன்னலுக்கு வந்தார்.

“இத வாசிச்சுச் சொல்லுங்க ஐயா. மறுகா பதிலும் நீங்களே எழுதித் தாங்க. நீங்கதான் வடிவா எழுதுவீங்க.”

ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் கடிதம் எழுதிக் கொடுப்பவன் நான். லீவுக்கு, கடனுக்கு, மாற்றலுக்கு. பேனையை எடுத்தேன். மேலே அவருடைய முழுப்பேரை எழுதினேன், அந்த ஒரே ஒரு தரம். ‘விடயம்’ என்று எழுதிக் கீழே கோடு போட்டேன்.

“சொல்லுங்க அக்கா.”

“நான் கையுறையக் கழட்டினது உண்மை. தொட்டாத்தான் எனக்குத் தெரியும். அதால கழட்டினன். எழுதிற்றீங்களா?”

“எழுதிற்றன்.”

நான் காத்திருந்தேன். இப்போது சொல்வார், தலை ஈரமாக இருந்தது, துண்டில் பொய் எழுதியிருந்தது, மறைத்தது இந்தக் கிளாக்கர்தான் என்று சொல்வார், சொல்லட்டும், எழுதிவிடலாம் என்று நினைத்தேன். அவர் சொன்னால் எழுத நான் தயார். ஊழியனே கேற்றில் காய்ச்சலை மறைத்தான் என்று தெரிந்தால் என் வேலை போகும், வழக்கும் வரலாம். ஆனாலும் அவர் சொல்லி நான் எழுதினால், அது என் பாட்டில் நடந்த மாதிரி நடந்துவிடும். நான் தைரியமாக ஒன்றும் செய்யத் தேவையில்லை. என் யோசனை போன போக்கைப் பாருங்கள்.

அவர் சொல்லவில்லை.

“வேற ஒண்டும் எழுத வேணாமா அக்கா?” என்று கேட்டேன்.

அக்கா குனிந்து, அந்த அரைவட்டத் துவாரத்துக்குள்ளால் என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பக்கம் இருந்து ஒருவர் குனிந்து என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“வேற என்ன கிடக்கு ஐயா? நீங்க சொல்லுங்க, எழுதுவம்.”

நின்றார். குனிந்தபடியே நின்றார். வெளியே மிளகாய்க் கன்றில் அணில் ஒன்று ஏறி இறங்கியது. நான் அதைப் பார்த்தேன்.

பிறகு முற்றுப்புள்ளி வைத்தேன். கீழே ‘இப்படிக்கு’ என்று போட்டு, ஒப்பம் வைக்கும் இடத்தைக் காட்டினேன். அக்கா ஒப்பம் வைத்துவிட்டு, “வடிவா இருக்கு,” என்று சொல்லிக் கொண்டுபோனார்.

அக்காவைத் துணி அறைக்கு மாற்றினார்கள். துவைத்துவந்த விரிப்புகளை மடித்து அடுக்குகிற வேலை. அங்கே நோயாளிகள் வருவதில்லை. நான் ஒருநாள் ஏதோ படிவத்தைச் சாட்டாக வைத்து எட்டிப் பார்த்தேன். தலையணைகளைத் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். “இஞ்ச ஒண்டுக்கும் காய்ச்சல் இல்ல ஐயா,” என்று சிரித்தார்.

வீட்டுக்கு வந்த மனைவி முதலில் கேட்டது அக்காவைப் பற்றித்தான். சொன்னேன். கடிதத்தையும் சொன்னேன். அவள் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள், “இஞ்சருங்க, என் தலையில ஆரு தண்ணி வார்த்ததெண்டு அவங்களுக்குப் போய்ச் சொல்லுங்க. நீங்க சொல்லாட்டி நான் போய்ச் சொல்லுவன்,” என்றாள்.

“நீ போகாத, நானே எழுதுறன்,” என்று வாக்குக் கொடுத்தேன். மூன்று தரம் எழுதினேன். முதலாவதைக் கிழித்தேன், ஓரம் நேராக வரவில்லை என்று. இரண்டாவதில் பந்திகள் ஒழுங்காக இல்லை. மூன்றாவது சரியாக வந்தது. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பதினொரு நாள் வேலைக்குப் போய் வந்தேன். பன்னிரண்டாம் நாள் சட்டையோடு துவைபட்டுவிட்டது. மனைவி சட்டைப் பையை உதறி, விழுந்த கடதாசிக் கூழைப் பார்த்துக்கொண்டே, “குடுத்தாச்சா?” என்று கேட்டாள். “குடுத்தாச்சு,” என்றேன். அவள் நம்பினாள். நம்பின முகத்தோடு அக்காவுக்கு ஒரு சரை முந்திரியம்பருப்புக் கொடுத்தனுப்பினாள். அதை மட்டும் நான் ஒழுங்காகக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஊரடங்கு எடுத்தார்கள். பாதை ஓடியது. வாங்குகள் நிறைந்தன, தரை நனைந்தது, மீன்காரர் காலைப் பாதையில் வந்து இறங்கினார். ஆவி பிடித்து முடித்து, பக்கத்தில் இருந்த கதிரையைப் பார்த்தார். “புள்ள எங்க?” என்று என்னிடம் கேட்டார். துணி அறைக்குப் போகும் வழியைக் காட்டிவிட்டேன். அவர் கதைக்கத்தான் வருகிறார் என்று அதன்பிறகு நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

அக்கா ஓய்வு பெற்றது அதற்கு அடுத்த வருடம். கடைசி நாள் எல்லாப் பிரிவுக்கும் போய்ச் சொல்லிக்கொண்டு வந்தார். என் ஜன்னலுக்கு வரவில்லை, பின்கதவால் என் அறைக்குள்ளேயே வந்தார். நான் எழும்பி நின்றேன். இன்றைக்குச் சொல்லியே விடுவது என்று தொண்டையைச் செருமினேன்.

அவர் கையைத் தூக்கி என் தலையில் வைத்தார். முதல் நாள் மாதிரியே பிடரி வரைக்கும் தடவிப் பார்த்தார். இப்போது அங்கே தடவ மயிரே இல்லை.

“காய்ச்சல் இல்ல. என்ன மனே செய்யுது?”

“ஒண்டுமில்ல அக்கா,” என்றேன்.

“ம்,” என்றார். கையை எடுத்துக்கொண்டு போனார். கேற்றடியில் செக்குரிட்டிக்காரர் தலையையும் தொட்டுவிட்டு, பாதைத் துறைப் பக்கம் நடந்தார்.

அக்கா இப்போது வாவிக்கு அந்தப் பக்கம் மகளோடு இருக்கிறாராம். ஆஸ்பத்திரியில் அவருடைய கோப்பில் அந்தக் கடிதம் இன்னும் இருக்கிறது, நான் போன மாதம் எடுத்துப் பார்த்தேன். மூன்று வரிதான். ‘தொட்டால்தான் எனக்குத் தெரியும், அதனால் கழற்றினேன்’ என்ற வரிக்குக் கீழே நிறைய இடம் வெறுமையாகக் கிடக்கிறது. அன்றைக்கு அவர் குனிந்து நின்றபோது அந்த இடத்தில் நான் எழுதியிருக்க வேண்டியது இதுதான்: அந்தப் பெண் என் மனைவி. அவளுக்கு நாலு நாளாகக் காய்ச்சல். தலைக்கு வார்த்தது நான்.